ஒத்து இல்லாத கச்சேரி

"எல்லாம் சரிதான் தம்பி. ஒத்து யாரு?"

பெரியப்பா இப்படிக் கேட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப்பொங்கல் அன்று சாயங்காலம், படையல் எல்லாம் முடிந்து அவர் திண்ணைத் தூணில் சாய்ந்திருந்தபோது, கைப்பேசியைச் சின்ன ஸ்பீக்கரோடு இணைத்து அமெரிக்க ஜாஸ் சாக்ஸ்போன் கலைஞர் ஜோ ஹெண்டர்சனின் 'இன்னர் அர்ஜ்' ஆல்பத்தின் முதல் உருப்படியைப் போட்டேன். ஆல்பத்தின் பெயர்தான் அதற்கும். கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிடம். நடுவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் ஒரு நிமிடத்துக்குள்ளேயே வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. "சீவாளி நல்ல பதத்துல இருக்கு" என்று மட்டும் ஒருமுறை முணுமுணுத்தார். சாக்ஸ்போனுக்கும் நாணல்தான் நாக்கு என்பதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முடிந்ததும் கேட்டதுதான் அந்தக் கேள்வி.

சிரித்துக்கொண்டே, "அவங்களுக்கு ஒத்தெல்லாம் கிடையாது பெரியப்பா, கீழ்ஸ்தாயியில ஒருத்தர் பாஸ் வாசிக்கிறார் பாருங்க, அதுதான் கிட்டத்தட்ட ஒத்து மாதிரி" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒப்புக்கொண்டு ஆட்டியது இல்லை, பிள்ளை ஏதோ சொல்கிறான் என்று விட்டுக்கொடுத்த ஆட்டல். எனக்கு அந்த ஆட்டல் நெஞ்சில் தங்கிவிட்டது. ஏனென்றால் ஒத்து என்றால் என்ன என்று என்னைவிட அவருக்குத் தெரியும். பதினோரு வயதில் தாய்மாமனின் நாயனத்துக்குப் பின்னால் ஒத்து பிடித்து நின்றவர். பதினெட்டு வருடம் அதையே ஊதினார். பார்க்க நாயனம் மாதிரியேதான் இருக்கும், விரல் வைக்கத் துளை இருக்காது. அடிப்பக்கத்தில் இருக்கிற சில துளைகளை மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் சுருதி சேர்க்க வேண்டும். அப்புறம் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டே, இடைவெளி இல்லாமல் ஒரே சுரம். சாமி புறப்பாட்டில் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் கிழக்கு வெளுக்கும் வரை அந்த ஒரே ஷட்ஜம். சுருதிப்பெட்டி வந்தபிறகு ஒத்துக்காரர்களுக்கு வேலை போய்விட்டது. பெரியப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதப் போனார்.

அப்படிப்பட்ட ஒருவர் ஒரு கச்சேரியைக் கேட்டுவிட்டு ஒத்து யாரு என்று கேட்டால், அது விவரம் தெரியாமல் கேட்டதாக இருக்காது. நான் சொன்ன பதில்தான் அசட்டையானது.

அதற்கு முன்னால் எத்தனையோ வருடம் நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "மோடல் ஜாஸ் என்பது கிட்டத்தட்ட நம்ம ராகம்தான்." இதே பக்கத்தில் எழுதியும் இருக்கிறேன். மோடல் ஜாஸ் என்றால், ஒரே சுரவரிசையில் நெடுநேரம் நின்று வாசிக்கிற ஜாஸ் வகை. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களை ஜாஸ் பக்கம் இழுக்க இதைவிட வசதியான கொக்கி கிடையாது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பமான 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு பார், பாருக்கு நாலு அட்சரம். முதல் பதினாறு பார் ஒரே சுரவரிசை, அடுத்த எட்டு பார் அதே வரிசை அரைச்சுரம் மேலே, கடைசி எட்டு பார் பழைய இடத்துக்கே திரும்புதல். அந்த வரிசை டோரியன், நம்முடைய கரகரப்பிரியாவின் அதே சுரங்கள். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கும் அது பிடித்திருந்தது. நடுவில் எட்டு பார் அரைச்சுரம் மேலே போகிறதே என்பதை நான் எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவேன்.

பெரியப்பாவின் கேள்விக்குப் பிறகு அப்படிக் கடக்க முடியவில்லை.

நாலரைக் கட்டையில் ஆரம்பம்

ஊரிலிருந்து திரும்பி வந்து ஒரு வாரம் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் படுத்தபிறகு, ஒரு வேலை செய்தேன். கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டேன். கணினியில் 'இன்னர் அர்ஜ்' தலைப்பு உருப்படியை, சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓடவிட்டேன். எங்கே ஷட்ஜம் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அந்தக் கட்டையை, அதாவது ஆதார சுருதியின் உயரத்தைக் குறிக்கிற எண்ணை, செயலியில் வைத்துவிட்டு, அதன்மேல் இந்த இசையைக் கேட்பது என்பது எண்ணம். பெரியப்பாவுக்கு ஒத்து வைத்துக் காட்டிவிட வேண்டும் என்ற பிடிவாதம்.

தொடக்கத்தில் பாஸ் நாலரைக் கட்டையில் விழுந்தது. செயலியில் நாலரை, ச-ப என்று வைத்தேன். உடனே கடித்தது. ஏனென்றால் அந்த முதல் கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டத்தில், பஞ்சமமே இல்லை. பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்துக்கு அரைச்சுரம் கீழே ஒரு சுரம் உட்கார்ந்திருக்கிறது. சரி, பஞ்சமத்தை எடுத்துவிட்டு ஷட்ஜம் மட்டும் வைத்தேன். நாலு பார் நன்றாக ஓடியது. ஐந்தாவது பாரில் தரை நகர்ந்துவிட்டது. பாஸ் நாலு கட்டைக்கு இறங்கியிருந்தது. அங்கே நாலு பார். அப்புறம் இரண்டரைக் கட்டை, நாலு பார். அப்புறம் ஒன்றரை, நாலு பார். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, செயலியில் கட்டையை மாற்றி, மறுபடி ஓட்டினேன். இந்த மூன்று இடங்களிலும் மேலே ஓடுகிற சுரங்கள் காதுக்கு உடனே பிடிபட்டன. உயர்ந்த மத்யமம், உயர்ந்த நிஷாதம், அந்தர காந்தாரம். லிடியன் என்று அவர்கள் சொல்வது, நமக்கு மேசகல்யாணி.

பதினாறு பார் இப்படிப் போனது. பதினேழாவது பாரிலிருந்து என்ன நடக்கிறது என்று பிடிக்க எனக்கு அன்று முக்கால் மணிநேரம் ஆயிற்று. நோட்டில் எழுதியது இன்னும் இருக்கிறது: மூணு, ஒண்ணரை, ரெண்டு, ஏழு, ஒண்ணு, ஆறு, ஆறரை, அஞ்சு. பாருக்கு ஒரு கட்டை! எட்டு பாரில் எட்டுத் தரை. ஒரு பார் விட்டு ஒரு பார், ஒன்றரைச் சுரம் கீழே குதித்தல், அரைச்சுரம் மேலே ஏறுதல், மறுபடி குதித்தல், மறுபடி ஏறுதல். இந்த எட்டையும்கூட உயர்ந்த மத்யமத்தோடு, கல்யாணி வடிவிலேயே வாசிப்பதுதான் வழக்கம். கடைசி ஐந்து கட்டையிலிருந்து அரைச்சுரம் சறுக்கினால் மறுபடி நாலரை, சுற்று முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இதைத் தாளத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபத்துநாலு பார், பாருக்கு நாலு அட்சரம். எட்டு அட்சர ஆதி தாளத்தில் பன்னிரண்டு ஆவர்த்தனம். முதல் எட்டு ஆவர்த்தனத்தில், இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை ஷட்ஜம் இடம் மாறுகிறது. அது போதாது என்று கடைசி நாலு ஆவர்த்தனத்தில், லகுவுக்கு ஒரு ஷட்ஜம், இரண்டு திருதத்துக்கும் சேர்த்து இன்னொரு ஷட்ஜம். தட்டிவிட்டு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணி முடிப்பதற்குள் ஒரு ஆதாரம் வந்து போய்விடுகிறது. ஐந்தாவது அட்சரத்துக்குக் கை தொடையில் விழும்போது அடியில் வேறு தரை. நீங்களும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். கண்ணால் படிப்பதைவிடக் கையால் இது நன்றாகப் புரியும். எழுதி வைத்திருந்த கட்டைகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்குள் ஐந்தரைக் கட்டை ஒன்றைத் தவிர மற்ற பதினொரு இடங்களிலும் ஷட்ஜம் கால் வைத்துவிட்டுப் போயிருந்தது.

சங்கீதம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "கிரகபேதம்தானே?" என்றார். இல்லை. கிரகபேதத்தில் சுரங்கள் அப்படியே இருக்கும், ஷட்ஜத்தை மட்டும் வேறு சுரத்துக்கு மாற்றிக் கேட்கிறோம். அதனால் ராகம் மாறுகிறது. கல்யாணியின் ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால் ஹரிகாம்போதி கேட்பது அப்படித்தான். இங்கே நேர் எதிராக, வடிவம் கல்யாணியாகவே இருக்கிறது, அதைத் தூக்கி வேறு கட்டையில் வைக்கிறார்கள். ஆகவே சுரங்களே மாறிவிடுகின்றன. மூன்று கட்டைக் கல்யாணிக்கும் ஒன்றரைக் கட்டைக் கல்யாணிக்கும் நாலு சுரம் பொது. ஒன்றரையிலிருந்து இரண்டுக்கு ஏறினால் ஏழில் இரண்டுதான் மிஞ்சும், ஐந்து சுரம் புதியவை. நாலே அட்சரத்தில்.

நாலு அட்சரத்தில் எந்தக் கல்யாணியும் கண் திறக்காது. நிஷாதத்தை ஒருமுறை அசைத்துக் காட்டவே நமக்கு அதைவிட அதிக நேரம் தேவைப்படும். கமகம், ஜீவசுரம், ராகத்துக்கே உரிய பிடிகள் எல்லாம் நிதானமாக உட்கார ஒரு நிலையான தரை வேண்டும். ஒத்து ஊதுகிறவர் விடிய விடிய நின்றது அந்தத் தரையைக் கொடுப்பதற்காகத்தான். அந்தத் தரையையே பிடுங்கி எறிந்துவிட்டு, அதன்மேல் நடக்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால், அவர் செய்வதை ராகம் என்று சொல்வது இரண்டு பக்கத்துக்கும் மரியாதைக்குறைவு. நான் அத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அந்த ராத்திரி கைவிட்டேன்.

நியூயார்க்கில் இருபத்தேழு வயது

ஜோ ஹெண்டர்சன் 1937இல் ஒஹாயோ மாநிலத்தின் லிமா என்ற ஊரில் பிறந்தவர். பெரிய குடும்பம். 1960இலிருந்து 1962 வரை ராணுவத்தில் இருந்தார், அங்கேயும் வாத்தியக்குழுவில்தான். வெளியே வந்ததும் நியூயார்க். டிரம்பெட் கலைஞர் கென்னி டோரம் அவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். 1963 ஜூனில் ப்ளூ நோட் இசைத்தட்டுக் கம்பெனிக்காக முதல் ஆல்பம். அடுத்த ஒன்றரை வருடத்தில், சொந்த ஆல்பங்கள் போக, லீ மார்கன், ஆண்ட்ரூ ஹில், ஹோரஸ் சில்வர் என்று யார் ஒலிப்பதிவுக்குப் போனாலும் அங்கே டெனர் சாக்ஸ்போனோடு இவர் நின்றிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கூடிவந்த காலம். ஆனால் 'இன்னர் அர்ஜ்' ஆல்பத்தின் உறைக்குறிப்பில் அவர் சொல்வது வேறு. நியூயார்க் என்ற புதிர்ப்பாதையில் வழி தேடி அலைந்தபோது வந்த கோபத்தையும் எரிச்சலையும் சமாளித்துக்கொண்டிருந்த ஒரு காலத்தைத்தான் இந்த உருப்படி காட்டுகிறது, அந்த ஊரின் வேகத்துக்குத் தன் வேகத்தை ஒப்படைத்துத் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார்.

இதை முன்பும் படித்திருக்கிறேன். கலைஞர்கள் உறைக்குறிப்பில் சொல்வதுதானே என்று விட்டிருந்தேன். பார் பாராகக் கட்டையை எழுதியபிறகு படித்தால் அது இசைக்கட்டமைப்பைப் பற்றிய விவரணையாகவே இருக்கிறது. நாலு பார் ஓரிடத்தில் நின்று சூழ்நிலையைப் பார்க்கலாம், அப்புறம் கிளம்ப வேண்டும். மறுபடி நாலு பார். பழகிவிட்டது என்று நினைக்கும்போது எட்டுத் தெருமுனைகள் வரிசையாக வந்து மோதும். எதிலும் நிற்க முடியாது. அடுத்த சுற்று. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய அரை நிமிடம்தான்.

அந்த எட்டு பாரை ஹெண்டர்சன் எப்படிக் கடக்கிறார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அந்த இடத்தில் யாருக்கும் ஒரு எளிய வழி உண்டு. சின்ன உரு ஒன்றைச் செய்து, அதை அப்படியே கட்டைக்குக் கட்டை நகர்த்திக்கொண்டே போய்விடலாம். ஹெண்டர்சன் சில சுற்றுகளில் அந்த வழியைத் தொட்டுவிட்டு உடனே விட்டுவிடுகிறார். வேறு சில சுற்றுகளில், தரை மாறியதே தெரியாதவர் போல ஒரு நீளமான சொற்கட்டை எட்டு பாருக்கும் குறுக்கே இழுத்துப் போகிறார். அந்தச் சுரங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், ஒவ்வொன்றும் அந்தந்தக் கட்டைக்குச் சரியான இடத்தில் விழுந்திருக்கும். அவருடைய தொனியில் ஒரு உறுமல் உண்டு, தொண்டை கட்டியவர் பேசுவது போல. சத்தம் அவ்வளவு பெரிதில்லை. ஒரு சுரத்தை வேகமாகச் சுழற்றிச் சுழற்றி, பம்பரம் போல ஓரிடத்தில் நிறுத்தி வைப்பார். தரை ஓடும்போது இப்படி ஒரு இடத்தில் சுழல்கிறாரே, அது அவர் தனக்குத்தானே ஊதிக்கொள்கிற ஒத்து என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. இசையியல் ரீதியாக இதை நிரூபிக்க எனக்குத் தெரியாது, ஆனால் என் காது அப்படித்தான் கேட்கிறது.

ஒன்பது நாள்

ஒலிப்பதிவு நடந்தது 1964 நவம்பர் 30. நியூ ஜெர்சியில் எங்கில்வுட் கிளிஃப்ஸ் என்ற இடத்தில் ரூடி வான் கெல்டர் கட்டிய கூடம். கண்பரிசோதகராக இருந்துகொண்டே பெற்றோர் வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தவர், 1959இல் தனியாக இதைக் கட்டினார். மர வளைவுகளோடு கோயில் மண்டபம் போல உயர்ந்த கூரை. படங்களில் பார்க்கும்போதே காற்று அதில் எப்படிச் சுற்றும் என்று தெரியும்.

அன்று ஹெண்டர்சனோடு வாசித்தவர்கள் பியானோவில் மெக்காய் டைனர், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ், பாஸில் பாப் கிரான்ஷா. முதல் இருவரும் இன்னொரு சாக்ஸ்போன் கலைஞரான ஜான் கோல்ட்ரேனின் குழு ஆட்கள். அதே வருடம் ஆகஸ்டில் சாக்ஸ்போன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டருக்காகவும் இதே கூடத்தில் இதே இருவரும் வாசித்திருக்கிறார்கள். இங்கே ஒரு தேதி வருகிறது. 1964 டிசம்பர் 9. நவம்பர் 30க்குச் சரியாக ஒன்பது நாள் கழித்து, இதே கூடத்துக்கு டைனரும் எல்வினும் மறுபடி வந்து, கோல்ட்ரேனோடு 'எ லவ் சுப்ரீம்' பதிவு செய்கிறார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பெரியப்பாவின் கேள்விக்கான விடை அந்த ஒன்பது நாளுக்குள் இருக்கிறது. 'எ லவ் சுப்ரீம்' முதல் பகுதியில், ஜிம்மி காரிசனின் பாஸ் நாலே சுரத்தில் ஒரு பிடியை நாலு கட்டையில் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. பிற்பாடு ஒரு கட்டத்தில் கோல்ட்ரேன் அந்த நாலு சுரப் பிடியை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு கட்டைக்கும் அலைகிறார். ஒவ்வொரு வாசலிலும் நின்று தட்டுகிறார். ஆனால் வீடு ஒன்று இருக்கிறது. அவர் எவ்வளவு தூரம் போனாலும் அடியில் அது காத்திருக்கிறது, கடைசியில் அங்கே வந்து சேர்கிறார். பெரியப்பாவிடம் இதைப் போட்டிருந்தால் ஒத்து யாரு என்று கேட்டிருக்கவே மாட்டார்.

ஹெண்டர்சன் செய்தது தலைகீழ். அலைவது தரை. நிலைத்து நிற்க வேண்டிய பொறுப்பு முழுக்க ஊதுகிறவருடையது. டைனரின் இடது கை வழக்கம் எல்லோருக்கும் தெரியும், கீழ்ஸ்தாயியில் ச-ப சேர்த்து இடிபோல இறக்குவார், தம்புராவைச் சுத்தியலால் மீட்டியது மாதிரி. கோல்ட்ரேனோடு அந்த இடி ஒரே இடத்தில் விழுந்து விழுந்து மண்ணை இறுக்கும். இங்கே அதே கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கிரான்ஷாவைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அவர் நிதானமாக, அட்சரத்துக்கு ஒரு சுரமாக நடந்து போகிறார். கடைசி எட்டு பாரில் ஒரு ஆதாரத்தை நிறுவ அவருக்குக் கிடைப்பது நாலே அடி. அந்த நாலில் முதல் அடி தவறினால் மேலே இருக்கிற மூவருக்கும் போக்கிடம் இல்லை. என் பழைய பதிலில் அவரை 'ஒத்து மாதிரி' என்று சொன்னேன். கும்மிருட்டில் தீவட்டி பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுகிறவர் என்று சொல்லியிருக்க வேண்டும். எல்வின் ஜோன்ஸ் வேறு, அந்தப் பன்னிரண்டு ஆவர்த்தனத்தின் சமங்களை நேராகக் காட்டாமல் மூன்று மூன்றாகப் பிரித்து உருட்டிக்கொண்டே வருவார். முன்பெல்லாம் அவரைக் கேட்கும்போது தொலைந்துபோவேன். கையில் ஆதி தாளம் போட்டுப் பழகியபிறகு, தொலைந்துபோனது நான் மட்டும்தான், அவர் ஒரு அட்சரம்கூட நகரவில்லை என்று தெரிந்தது.

ஒத்து நிற்கிற ஒரு உருப்படி

ஆல்பத்தின் மற்ற உருப்படிகளைப் பற்றி நீட்டப் போவதில்லை. 'ஐசோடோப்' பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கை நினைத்து எழுதிய ப்ளூஸ். 'யூ நோ ஐ கேர்' ட்யூக் பியர்சன் எழுதிய மெல்லிசை, ராத்திரியில் தனியாகக் கேட்க வேண்டியது. 'நைட் அண்ட் டே' கோல் போர்ட்டரின் 1932 பாட்டு, அதன் கார்டுகளை ஹெண்டர்சன் மாற்றிப் போட்டிருக்கிறார்.

ஆனால் 'எல் பாரியோ' வேறு. அது எழுதப்பட்ட உருப்படியே இல்லை. ஹெண்டர்சன் மற்ற மூவருக்கும் இரண்டே இரண்டு கார்டுகளைக் கொடுத்தார். ஒன்று ஏழு கட்டையில், இன்னொன்று அதற்கு அரைச்சுரம் மேலே, அடுத்த ஸ்தாயியின் ஒன்றாம் கட்டையில். ஸ்பானிய மணம் வருகிற மாதிரி வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு, மெட்டை அந்த இடத்திலேயே ஊதிக்கொண்டு போனார். சுருதிப்பெட்டியை ஏழு கட்டையில் வைத்தேன். அந்த ராத்திரியில் முதல்முறையாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டு கார்டுகளின் சுரங்களையும் ஏழு கட்டை ஷட்ஜத்தின்மேல் வரிசையாக வைத்துப் பார்த்தால், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம் என்று வரும். வகுளாபரணம் ராகத்தின் சாயல். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளம் ஸ்பெயினின் ஃப்ளமென்கோவிலும் கேட்கும்.

அங்கே ஹெண்டர்சன் எப்படி மாறிவிடுகிறார் என்று கவனித்தேன். தரை நிலைத்ததும் அவசரம் போய்விடுகிறது. ஒரு சுரத்தை எடுத்து அதைக் கீறுகிறார், பிளக்கிறார், அழ வைக்கிறார். குரல் உடைந்து கூப்பிடுகிற மாதிரி சில இடங்கள் வரும். முதல் உருப்படியில் தெருத்தெருவாக ஓடியவர், இங்கே ஒரு முற்றத்தில் உட்கார்ந்து பேசுகிறார். ஒரே நாள், ஒரே கூடம், அதே நாலு பேர். அவருக்கு ஒத்து வைத்துக்கொள்ளத் தெரியாமல் இல்லை. தலைப்பு உருப்படியில் வேண்டுமென்றேதான் அதை எடுத்துவிட்டிருக்கிறார். மோடல் ஜாஸின் துணிச்சல் என்று எல்லோரும் சொல்வதை நான் இந்த இரண்டு உருப்படிக்கும் இடையில்தான் பார்க்கிறேன்.

மறுபடி திண்ணை

போன ஆடியில் ஊருக்குப் போனேன். பெரியப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரை அவர் பக்கத்திலேயே வைத்தேன். "அன்னைக்கு ஒத்து யாருன்னு கேட்டீங்களே பெரியப்பா, பதில் கொண்டுவந்திருக்கேன்" என்றேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. நோட்டைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வரிசையாக எழுதியிருந்த கட்டைகளைப் படித்தார். நாலரை, நாலு, இரண்டரை, ஒன்றரை வரை சாதாரணமாகப் படித்தவர், அடுத்த எட்டுக்கு வந்ததும் நிறுத்தி, "இது எத்தனை ஆவர்த்தனத்துக்கு?" என்றார். நாலு என்றேன். "எட்டும் சேத்தா?" ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எங்க மாமா இருந்தா என்னை எந்திரிச்சுப் போகச் சொல்லியிருப்பாரு" என்றார். "இதுக்கு ஒத்து வெச்சா ஊதுறவன் செத்தான்."

முதலில் 'எல் பாரியோ' போட்டேன். சற்று நேரத்திலேயே அவர் உதடு மூடி, தொண்டையில் ஏழு கட்டையைப் பிடித்துக்கொண்டார். எழுபத்தாறு வயதில் இழைமாறாத ஷட்ஜம். மூச்சு வாங்கிய இடமே தெரியவில்லை. உருப்படி முடிகிறவரை விடவில்லை. கடைசியில் சாக்ஸ்போன் அடங்கியபிறகும் ஒரு நொடி அவர் குரல் திண்ணையில் இருந்தது.

"மொதப் பாட்டைப் போடு" என்றார்.

போட்டேன். முதல் சுற்று சும்மா தாளம் மட்டும் போட்டார், ஆவர்த்தனத்தை விரலில் எண்ணிக்கொண்டு. இரண்டாவது சுற்றில் நாலரைக் கட்டையில் குரல் வந்தது, இரண்டு ஆவர்த்தனம். நாலு கட்டைக்கு இறக்கினார், இரண்டு ஆவர்த்தனம். இரண்டரை. ஒன்றரை கீழே போதவில்லை, மேல்ஸ்தாயியில் எடுத்துக்கொண்டார். எட்டாவது ஆவர்த்தனம் முடிந்ததும் வாயை மூடிவிட்டார். கை மட்டும் தொடையில் ஓடியது. தட்டு, சுண்டு, மோதிரம், நடு. தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மேலே ஹெண்டர்சன் அந்த எட்டுத் தெருமுனைகளையும் கடந்து போய்க்கொண்டிருந்தார். பெரியப்பா கண்ணை மூடியபடி நாலு ஆவர்த்தனத்தையும் காத்திருந்து விட்டுக்கொடுத்தார். அடுத்த சமத்தில் கை விழுந்தபோது நாலரைக் கட்டை அவர் தொண்டையில் தயாராக இருந்தது.